சகலை இறுக்கிய நட்டுகள்

கண்ணாடிக்காரருக்கு ஸ்பேனர் பைத்தியம் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துகிற வேலை அவருக்கு. பகலெல்லாம் கண்ணுக்கே தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு, வீட்டுக்கு வந்ததும் கனமாக ஒரு இரும்பைக் கையில் பிடித்தால்தான் பொழுது முடிந்த மாதிரி இருக்கும். துணிமணி வைக்க என்று மனைவி கேட்டு வாங்கிய அலமாரி கொஞ்ச நாளிலேயே அவருடைய ஆயுதசாலை ஆகிவிட்டது. துணிமணி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

பழைய கார் ஒன்று வாங்கிய பிறகு பிடித்த வியாதி இது. முதலில் அவரும் எல்லோரையும் போல ஏமாந்தவர்தான். நூறு சாமான் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் அவர் காருக்குப் பொருந்தியவை மூன்றோ நாலோ. பொருந்தியதிலும் ஒன்று முதல் திருகிலேயே பல்லை இளித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. முதலில் வண்டியைக் குனிந்து பார், எந்தெந்த அளவில் நட்டு இருக்கிறது என்று தெரிந்துகொள், அப்புறம் கடைக்குப் போ என்பார். ஸ்க்ரூ ஸ்பேனரை வீட்டுக்குள்ளேயே விடாதே, எல்லா நட்டுக்கும் பொருந்துகிற மாதிரி நடித்து எல்லாவற்றின் முனையையும் மழுக்கிவிடும் என்பார். ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், ஸ்டாண்டு வாங்க மனசில்லாதவன் காருக்கு அடியில் படுக்கவே கூடாது என்று சொல்லும்போது மட்டும் குரல் உயரும். தெருவில் யாராவது கார் வாங்கினால் இவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்பே இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்.

அப்படிப்பட்டவர் செய்த காரியம்தான் இது. சொன்னால்கூட யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதுவே அவருக்கு வசதியாகவும் போயிற்று.

அவருடைய மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை, எல்லாவற்றிலும் அவருக்கு நேர் எதிர். பேக்கரி வேன் ஓட்டுகிறவர். கடை கடையாக ரொட்டி இறக்குவது அவருடைய வேலை. இறக்குகிற இடத்திலெல்லாம் நின்று பேசுவது அதைவிடப் பெரிய வேலை. அவர் வீட்டுக்கு வந்தால், ஆள் வாசலை எட்டுவதற்கு முன்பே "சகல" என்கிற கூப்பாடு அடுக்களையை எட்டிவிடும். கண்ணாடிக்காரரின் அலமாரிக்கு ஆபரேஷன் தியேட்டர் என்று பேர் வைத்தது அவர்தான். அவர் வேனில் இருப்பதோ வளைந்துபோன ஒரே ஒரு வீல் ஸ்பேனர். அதை நட்டில் மாட்டி, ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பார், அவ்வளவுதான். வீட்டில் மட்டும் அவர்மேல் ஒரு புகார் உண்டு. எந்த டப்பாவையும் ஒழுங்காக மூட மாட்டார். சர்க்கரை டப்பாவைத் தூக்கினால் மூடி கையோடு வரும், டப்பா காலில் விழும். இதைச் சொல்லிச் சொல்லியே கொழுந்தியாளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் அரை நாள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, வாசலில் சகலை இவருடைய காரின் முன் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டிருந்தார். டயரில் ஆணி ஏறியிருந்ததாம். டீச்சர் வேலை பார்க்கிற அக்கா, அதாவது இவருடைய மனைவி, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவார் என்று ஸ்டெப்னியை மாட்டப் போகிறாராம். நல்ல காரியம்தான். ஆனால் கண்ணாடிக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. முந்தின நாள்தான் புதிதாக ஒரு ராட்செட் செட் வாங்கி வைத்திருந்தார். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், நட்டிலிருந்து எடுக்காமலே திருகிக்கொண்டு போகும். பின்னால் வரும்போது டிர்ர்ர் என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே கடையில் நாலைந்து கைப்பிடிகளை மாற்றி மாற்றி ஆட்டிப் பார்த்து, உள்ளே பல் நெருக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் முதல் வேலைக்கு இந்தச் சக்கரத்தைத்தான் நினைத்திருந்தார். சகலை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நட்டு கழற்ற எதற்கு நகைப்பெட்டி என்று சிரித்தார். வளைந்த ஸ்பேனரில் ஏறி ஒவ்வொரு நட்டாக மிதித்தார், கையைத் தட்டிக்கொண்டார், காபி குடித்தார், ஊர்க்கதை பேசினார், போனார்.

சகலையின் வேன் திருப்பத்தில் மறைந்ததும் கண்ணாடிக்காரர் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தார். நாலு நட்டையும் தளர்த்தினார். கையாலேயே திரும்ப உள்ளே விட்டார். இனி ராட்செட்டால் முடுக்க வேண்டும், அந்தச் சத்தத்தைச் சாவகாசமாகக் கேட்க வேண்டும். கைப்பிடியை எடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று முதல் துளிகள் பெட்டிக்குள் விழுந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பதறிவிட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். லென்ஸ் துடைக்கிற மெத்தென்ற துணியால் ஒவ்வொரு சாமானாக ஈரம் போகத் துடைத்து, அதனதன் குழியில் படுக்க வைத்தார். பெட்டியை அலமாரியில் வைத்தபோது வேலை முடிந்த திருப்தி மனசில் வந்துவிட்டது. வேலை முடியவில்லை என்பது ஞாபகத்திலேயே இல்லை.

மறுநாள் காலையில்கூட இன்னொரு வாய்ப்பு வந்தது. சக்கரத்தின் வட்ட மூடி பக்கத்தில் கிடந்தது. சகலையின் வேலையே இப்படித்தான் என்று மனசுக்குள் சிரித்தபடி, அதைக் காலாலேயே அழுத்தி மாட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

மனைவி அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போனாள். பெரிய சாலைத் திருப்பத்தில் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தாள், கார் நடைபாதை ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. மெதுவாகப் போனதால் உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது.

அவர் மூச்சிரைக்க ஓடிவந்தபோது, வண்டியைக் கட்டி இழுக்க வந்தவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நட்டு இறுக்கவே இல்லையே, யாரும்மா மாட்டினது என்று கேட்டான். கையைத் துப்பட்டாவால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற மனைவி சொன்னாள்: "என் தங்கச்சி வீட்டுக்காரர். நேத்துதான் மாத்திக் குடுத்தார்."

அந்த நொடியில்தான் அவருக்கு மழை ஞாபகம் வந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றதே போதுமாக இருந்தது.

மாவுக்கட்டுப் போட்டு மனைவியை அவளுடைய அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். எல்லோரும் கூடிவிட்டார்கள். மாமனார் ஓய்வு பெற்ற அதிகாரி. வீட்டிலும் விசாரணை நடத்தித்தான் பேசுவார். டப்பா மூடியையே ஒழுங்காகத் திருகத் தெரியாதவர் சக்கரத்தை எப்படித் திருகியிருப்பார் என்று ஆரம்பித்தார். கொழுந்தியாள் அழுதுகொண்டே, வீட்டில் சர்க்கரை டப்பா விழுந்த கதைகளையெல்லாம் தானே எடுத்துக் கொடுத்தாள். எதையும் செய்வதற்கு முன் பெரிய மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அவர் எவ்வளவு நிதானமான மனுஷன் என்று மாமனார் முடித்தார். பெரிய மாப்பிள்ளை அதே சோபாவில், சகலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் முழங்காலில் இடித்தது.

சகலை தரையைப் பார்த்தபடி சொன்னார். "இறுக்கின மாதிரிதான் ஞாபகம் இருக்கு மாமா. ஆனா நான் பேசிட்டே செய்யறவன். விட்டிருப்பேன் போல."

கண்ணாடிக்காரர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். அவரால் முடிந்தது அன்றைக்கு அவ்வளவுதான். சகலை அதை வாங்கிக்கொண்டு நன்றியோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அவரைத் தூங்க விடவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் மனைவியின் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. கரும்பலகையில் எழுதிவிடுவாள், பாட்டில் மூடி மட்டும் திறக்க வராது. அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் மூடி திறந்து கொடுத்தார். துணி பிழிந்தார், காய் நறுக்கினார், பாதி வேலைக்கு அவள் கேட்பதற்கு முன்பே ஓடினார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் சக ஆசிரியைகளிடம் சொன்னாள். அதை அவரிடமே வந்தும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் யாரோ செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் வைத்த மாதிரி இருந்தது. பலமுறை சொல்லிவிடத் துணிந்தார். அவள் தூங்கட்டும், சாப்பிடட்டும், பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போடத் தள்ளிப்போட சொல்ல வேண்டியது இரண்டாயிற்று. செய்தது ஒன்று, இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் கனம் அதிகம்.

சகலையின் வாய் அடங்கிப்போனது. வந்தால் வாசலில் நின்று காலிங் பெல் அடித்தார். "சகல" போய் "அண்ணா" வந்துவிட்டது. அதில் இருந்த மரியாதை இவரைக் குத்தியது. கொழுந்தியாள் சொன்னது அதைவிட மோசம். இப்போது வீட்டில் எந்த டப்பாவையும் யாராலும் திறக்க முடியவில்லையாம், அப்படி முறுக்கி வைக்கிறாராம். குழாயை இறுக்கி இறுக்கி வாஷர் நசுங்கிவிட்டது. ரொட்டி இறக்கப் போகிற வழியில் தெருவுக்குத் தெரு வேனை நிறுத்திவிட்டு இறங்கி, சக்கரத்தின் நட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறாராம். கடைக்காரர்கள் தாமதம் என்று புகார் சொல்ல, கடைசியில் அவரே முதலாளியிடம் போய் என்னை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், அடுப்பு வேலை கொடுங்கள் என்று கேட்டுவிட்டாராம். அடுத்த திங்கட்கிழமை முதல் வேனுக்கு வேறு ஆள். பேசாமல் இருக்கத் தெரியாத மனுஷனை ஒரு மூலையில் மாவு பிசைய விட்டால் என்ன ஆவார் என்று அவள் கேட்டாள். கண்ணாடிக்காரரிடம் அதற்கு மருந்து இருந்தது. அவரிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம் சகலை கண்ணாடிக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"அண்ணா, இவ்வளவுதான் இறுக்கணும்னு அதுவே சொல்ற ரெஞ்ச் ஒண்ணு இருக்காமே. நல்லதாப் பாத்து எடுத்துக் குடுங்க. எனக்கு அதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாது. அது கையில இருந்தா முதலாளிகிட்ட வண்டியத் திருப்பிக் கேக்கலாம். என் கையத்தான் இனிமே நம்ப முடியாது."

கண்ணாடிக்காரர் லென்ஸை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தார். பஸ்ஸில் கூட்டம். இறங்கி நடந்தபோது சாலை இரைச்சல். எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு எவ்வளவு பெருமையாக வந்த ஸ்பேனர் கடை அது. இன்றைக்கு வாசற்படி ஏறவே கால் வரவில்லை.

கடைக்காரர் பழகியவர். சகலை கேட்ட மாதிரி, டார்க் ரெஞ்ச் என்கிற அந்தச் சாமானில் மூன்றை மேஜையில் பரப்பினார். கண்ணாடிக்காரரின் வாய் பழக்கதோஷத்தில் தானாகப் பேச ஆரம்பித்தது. குட்டையானது வேண்டாம், அது என்ஜினில் உள்ள சின்ன நட்டுகளுக்கு. வேன் சக்கரத்துக்கு நீளக் கைப்பிடிதான் சரி. அளவுக் கோடு தேய்ந்துபோகிற பெயிண்டில் இருக்கக் கூடாது, இரும்பில் வெட்டியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சோர்ந்து பொய் சொல்லும். சகலை பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியாமல் கண்ணாடிக்காரர் ரெஞ்சின் அளவுக் கோட்டையே பார்த்துப் பேசினார்.

கடைக்காரர் ஓரத்தில் ஒரு பழைய சக்கரக் குடத்தைப் பலகையில் பொருத்தி வைத்திருந்தார். நட்டு மாட்டிச் சோதித்துப் பாருங்கள் என்றார். சகலை ரெஞ்சை வாங்கினார். நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்களே போடுங்கண்ணா. உங்க கைன்னா தப்பாது."

கண்ணாடிக்காரர் ரெஞ்சை மாட்டி அழுத்தினார். அளவு வந்ததும் டக் என்று ஒரே ஒரு சத்தம். சுத்தமான, அழகான சத்தம். மனசு ஒரு கணம் அதை ரசித்தது. ரசித்ததுதான் அவரை உடைத்தது. இந்த மாதிரி ஒரு சத்தத்துக்குத்தானே அன்றைக்கும் உட்கார்ந்தோம் என்று தோன்றியதும், ரெஞ்சைப் பலகையில் வைத்துவிட்டார்.

"நீ இறுக்கித்தான் இருந்தே," என்றார். "நாலு நட்டும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. நீ போன பிறகு நான்தான் கழட்டினேன்."

சகலைக்கு முதலில் புரியவில்லை. "எப்போ?" என்றார்.

"அதே நாள். நீ கிளம்பின உடனே. மழை வந்துச்சு, பெட்டிய எடுத்துட்டு உள்ள ஓடிட்டேன். நட்ட மறந்துட்டேன்."

"எதுக்குக் கழட்டினீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ பதில்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். நீ மாட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கிரீஸ் வைக்க, இப்படிக் கௌரவமான பதில்கள்.

"புது ராட்செட். அந்தச் சத்தத்தக் கேக்க."

கடைக்காரர் ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டார். சகலை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நான் இறுக்கித்தான் இருந்தேன்," என்று மெதுவாகச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவர் கத்துவார், ஒரு அறைகூட விடுவார் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்திருந்தார். விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சகலை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மேஜையில் கிடந்த ரெஞ்சை அவர் பக்கம் தள்ளினார்.

"இது எனக்கு வேணாம்ணா. உங்களுக்குத்தான் வேணும்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டில் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் முடிக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், துடைத்து வைத்த துணி உட்பட. அவள் பேனாவை மூடினாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"கை போனதுகூடப் பரவால்ல. எங்கப்பா அவரை அத்தனை பேர் முன்னாடி வெச்சுக் கேட்டாரே. தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரே. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"அவர் பக்கத்துலதான்," என்றார் அவர்.

ஃபோனை எடுத்து அப்பாவை அழைத்தாள், தங்கையை அழைத்தாள், அன்றைக்கு வந்திருந்த ஒருவர் விடாமல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்கு வரச் சொன்னாள். அதே ஹாலில், அதே சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டு கண்ணாடிக்காரர் சொன்னார். மாமனாருக்கு இந்த முறை விசாரிக்க எதுவும் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்ன மாப்பிள்ளையிடம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சகலை சாப்பிட்டார். கொஞ்சம் பேசக்கூடச் செய்தார், மற்ற எல்லோரிடமும்.

மறுநாள் திங்கட்கிழமை, வேனைச் சகலையே எடுத்தார்.

சில நாள் கழித்து ஒரு மாலையில் கொழுந்தியாள் ஃபோனில் சிரித்த சிரிப்பு, தள்ளி உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் வரைக்கும் கேட்டது. சர்க்கரை டப்பாவைத் தூக்கினாளாம், மூடி கையோடு வந்துவிட்டதாம், டப்பா காலில் விழுந்து விரல் வீங்கிக் கிடக்கிறதாம். வீடெல்லாம் சர்க்கரையாம். திட்ட மனசே வரவில்லை என்று சொல்லி மறுபடி சிரித்தாள். மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஃபோனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எண்ணெய் பாட்டிலின் மூடி திறக்க வரவில்லை. அவர் வழக்கம் போல எழுந்துபோய்க் கையை நீட்டினார். அவள் பாட்டிலைக் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இடது கையால் மூடியைப் பற்றித் திருகினாள். வழுக்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பற்றினாள்.

"நான் திறந்துக்கறேன்," என்றாள். "நீங்க போய் உக்காருங்க."